கவிழ்த்து வைத்த கோப்பை

நவம்பர் பிறந்து இரண்டு வாரம் ஆகியும் லெனார்ட் குபியாக் வீட்டு நிலவறைக்கு ஜன்னல் திரும்பி வரவில்லை. செப்டம்பரில் அவரே உளி வைத்து, பின்பக்கச் சுவரிலிருந்த கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்திருந்தார். பன்னிரண்டடிப் பலகை ஒன்று அந்த வழியாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கிய மறுநாளே கற்களைப் பதித்துவிடுவதாக மனைவி டெல்ஃபினிடம் சொல்லியிருந்தார். பலகை இறங்கவில்லை. ஓட்டைக்கு ஒரு ப்ளைவுட் துண்டை அறைந்து, இடுக்குகளில் கந்தலைத் திணித்துவிட்டு, இரண்டு மாதமாக நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"துணி துவைக்கக் கீழ போறதுக்கே கோட்டு மாட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள் டெல்ஃபின். "குழாய் உறைஞ்சு வெடிச்சா நீதான் வாளியோட நிக்கணும். பலகைய இறக்கு. இல்ல, ஜன்னல அடை. ரெண்டுல ஒண்ணு."

"இறக்கலாம்."

"எப்ப?"

"முதுகு கொஞ்சம் சரியாகட்டும்."

முதுகு ஒரு சாக்கு என்பது அவளுக்குத் தெரியும். அவள் தம்பி ஃப்ளோரியனுக்கும் தெரியும். தெரு முழுக்கத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம். கூடப்பிறந்த தம்பி செத்துப்போனதிலிருந்து லெனார்டுக்கு எதிலும் கை ஓடவில்லை, பாவம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை லெனார்ட் யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னலை அடைத்துவிட்டால் அந்தப் பலகை இனி எந்த ஜென்மத்திலும் கீழே போகாது. பலகை போகாவிட்டால் நிலவறையில் பீர் பார் இல்லை.

பார் நார்பர்ட்டின் யோசனை. நார்பர்ட் லெனார்டின் தம்பி, ஐந்து வயது இளையவன், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவன். முப்பது வருடமாக அண்ணன் தம்பி இருவரும் ஃப்ளோரியனோடு வெள்ளிக்கிழமை தவறாமல் தெருமுனையிலிருந்த ஸ்டாஷின் கடையில்தான் மீன் வறுவலும் பீருமாக உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டாஷ் கடையை விற்றுவிட்டு மகளோடு அரிசோனாவுக்குப் போனான். வாங்கியவன் கடையை இடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் லெனார்டின் சமையலறையில் உட்கார்ந்தார்கள். டெல்ஃபின் அரை மணி நேரம் பொறுத்தாள்.

"கீழ போங்க," என்றாள்.

கீழே இறங்கி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கணப்படுப்புக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தவாறு நார்பர்ட் சொன்னான்: "லென், ஸ்டாஷ் கடை இங்க வந்தா என்ன?"

அண்ணன் தம்பி இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மரவேலை லெனார்டுடையது. ஜன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் நாற்பது வருடம் இருந்தவர். அங்குலத்தைப் பதினாறாகப் பிளந்து பார்க்கிற கண். பீர் நார்பர்ட்டுடையது. பழைய பீப்பாயின் தலையை அறுத்துக் கொப்பரை ஆக்கினான். யாரோ தெருவில் தூக்கிப் போட்ட குளிர்பெட்டியைக் கொண்டுவந்து, கதவில் துளை போட்டு, இரண்டு குழாய் மாட்டினான். ஞாயிறுதோறும் வானொலியில் போல்கா நடன இசை நிகழ்ச்சியை அலறவிட்டு, முளைவிட்ட பார்லியை ஊறவைத்து, வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பான். டெல்ஃபினின் படுக்கை விரிப்பெல்லாம் ஈர ரொட்டி வாசம் அடிக்கும்.

"இங்க ஓடுறது நம்ம பீர் மட்டும்தான்," என்பான். "கடைப் புட்டி உள்ள வந்தா, கொண்டு வந்தவன் வெளிய."

ஸ்டாஷ் கடையை மூடிய நாளில் அங்கிருந்து ஆறு சின்னக் கோப்பைகளை அவன் கேட்டு வாங்கி வந்திருந்தான். பால் வெள்ளைக் கண்ணாடி. மேலே எழுதியிருந்த கடைப் பெயர் தேய்ந்துபோயிருந்தது. அந்தக் கோப்பைகள் எதற்கு என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் உனக்கு ஒன்று வாங்கித் தருகிறான், உன் குவளை இன்னும் காலியாகவில்லை என்றால், ஸ்டாஷ் உன் முன்னால் ஒரு சின்னக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். உனக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது என்று பொருள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் முன்னால் அப்படி ஒரு கோப்பை கவிழ்ந்தால், அதற்கு மேல் பேச்சு எதுவும் தேவைப்படாது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பலகை வந்தது. இடிபட்ட ஒரு பௌலிங் கூடத்தின் தரை. பந்து உருண்டு உருண்டு வழவழத்த மேப்பிள் மரம், நடுவில் கருப்பு அம்புக்குறிகள் பதித்தது. பன்னிரண்டடி நீளம், இரண்டடி அகலம், இருநூறு பவுண்டுக்கு மேல் எடை. பார் மேடைக்கு மேல்பலகை இதுதான் என்று நார்பர்ட் ஒற்றைக்காலில் நின்று, ஃப்ளோரியனின் வண்டியில் ஏற்றி வந்தான். யாரையும் கேட்கவில்லை. எதையும் அளக்கவில்லை.

படி திரும்புகிற இடத்தில் பலகை மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஒரு மணி நேரம் முக்கி, சுவரில் முழ நீளத்துக்குச் சுண்ணாம்பைப் பெயர்த்து, கடைசியில் திரும்ப மேலே இழுத்துக் கொட்டகையில் போட்டார்கள். லெனார்டின் விரல் நசுங்கியிருந்தது. குளிர் வேறு. அறுபத்தாறு வயது அன்றைக்கு அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"உன் வாழ்க்கை பூரா," என்றார் லெனார்ட், "வாசல்ல நுழையாத பொருளத்தான் நீ வாங்கிட்டு வருவ. அந்தப் பியானோ. அந்தப் படகு. இப்ப இது. வாங்குறது நீ. தூக்குறது நான்."

நார்பர்ட் எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன். அன்று எதுவும் சொல்லவில்லை. லெனார்ட் மேலே போய்ப் படுத்துக்கொண்டார். கீழே ஃப்ளோரியனும் அவனும் பேசிக்கொண்டிருந்தது அரை மணி நேரம் கேட்டது. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

விடிவதற்குள் ஒரு முழம் பனி. ஆறரை மணிக்கு நார்பர்ட் தன் வீட்டு முன் பனியை வாரிக்கொண்டிருந்தான். ஏழு மணிக்கு அவன் மனைவி வெர்னா காபிக்குக் கூப்பிடக் கதவைத் திறந்தபோது, வாரிய பனியின் மேல் சாய்ந்தாற்போல் கிடந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான்.

அவன் காய்ச்சி வைத்திருந்த கடைசிப் பீப்பாயைக் கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் தேவாலயக் கூடத்தில் குடித்துத் தீர்த்தார்கள். மறுநாள் லெனார்ட் நிலவறைக்கு இறங்கினார். மேடைக்கு அடித்தட்டாக அவர் அறைந்திருந்த ப்ளைவுட்டின் மேல், சரியாக அவருடைய முக்காலிக்கு முன்னால், ஒரு வெள்ளைக் கோப்பை கவிழ்ந்திருந்தது.

அண்ணனுக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது. வாங்கித் தருபவன் தம்பி. அடக்கத்தின்போதுகூட வராத அழுகை அப்போது வந்தது. துவைக்கும் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு அழுதார், மேலே கேட்கக்கூடாதென்று.

அதன்பிறகு அந்தக் கோப்பையை அவர் தொடவில்லை. தூசி தட்டும்போது அதைச் சுற்றித் தட்டினார். பலகையை மேடைமேல் ஏற்ற வேண்டுமானால் கோப்பையை எடுக்க வேண்டும். கோப்பையை எடுப்பதென்றால் அதற்குரியதைக் குடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; அதுதான் முறை. குடித்துவிட்டால் அதோடு தீர்ந்தது. தம்பியிடமிருந்து வரவேண்டியது எதுவும் உலகத்தில் பாக்கி இருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? முதுகு வலி என்று சொல்வது எளிதாக இருந்தது.

ஆனாலும் அக்டோபரில், என்றைக்காவது குடிக்கத்தானே வேண்டும் என்று, நார்பர்ட்டின் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே காய்ச்சிப் பார்த்தார். நோட்டில் அளவு என்று ஒன்றும் இல்லை. 'பார்லி நல்ல மணம் வரும்வரை.' 'கை பொறுக்கிற சூடு.' 'போல்கா ஆரம்பிக்கும்போது பூவைப் போடு. போல்கா முடிந்ததும் அடுப்பை அணை.' அங்குலத்தைப் பதினாறாகப் பிளக்கிறவருக்கு அதைப் படிக்கப் படிக்க அசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வானொலியைப் போட்டு, நிகழ்ச்சி ஆரம்பித்ததும் பூவைப் போட்டார். நிகழ்ச்சி முடிந்தபாடில்லை. கொப்பரை முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தூங்கி விழுந்து, முடிந்ததும் அணைத்தார். பாதி ஆவியாகப் போயிருந்தது. மிச்சத்தை ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடி வைத்தார். அது நுரைத்து அடங்கியதும் பீப்பாயில் ஏற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, டெல்ஃபின் அவரைக் கேட்காமலே ஃப்ளோரியனுக்குப் போன் போட்டுவிட்டாள். பூசை முடிந்து பத்தரை மணிக்கு அவன் தன் இரண்டு மருமகன்களோடு பின்முற்றத்தில் வந்து நின்றான்.

"பன்னண்டு மணிக்கு டிவியில மேட்ச்," என்றான். "அதுக்குள்ள இது உள்ள போகணும். போகலன்னா இங்கயே அறுத்துச் சவப்பெட்டி செஞ்சு உன்ன அதுல வச்சு ஆணி அடிச்சிட்டுப் போயிருவேன். சனிக்கிழமையில இருந்து நான் காட்டுல இருப்பேன், கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

"இன்னொரு நாள்..."

"ஒன்பது மாசமா இன்னொரு நாள்தான். நட, கிழவா."

ஓட்டையை மூடியிருந்த ப்ளைவுட்டைப் பெயர்த்து, விளிம்பில் பழைய கம்பளத்தை விரித்தார்கள். மருமகன்கள் வெளியிலிருந்து கயிற்றை விட்டுக் கொடுக்க, லெனார்டும் ஃப்ளோரியனும் உள்ளேயிருந்து வாங்கினார்கள். ஜன்னல் வழியைச் செப்டம்பரிலேயே மூன்று தடவை அளந்திருந்தார் லெனார்ட். பலகை எங்கும் உரசாமல், மலைப்பாம்பு பொந்துக்குள் போவதுபோல, வழுக்கிக்கொண்டு வந்து கட்டைகளின் மேல் படுத்தது. இருபது நிமிட வேலை. இதற்குத்தான் ஒன்பது மாதம்.

மேலே கதவு திறந்தது. வெர்னா, ஞாயிறுகளில் ரொட்டிக்கடையில் விற்கும் சூடான பன்றித் தொடைக் கறிப் பொட்டலத்தோடும் ரொட்டிப் பையோடும் படியில் இறங்கி வந்தாள். கணவன் போனதிலிருந்து அவள் இந்த நிலவறைக்கு வந்ததில்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மேல ஏத்துவோம்," என்றான் ஃப்ளோரியன். "மணி பதினொண்ணு. லென், அந்தக் கிளாச எடு."

லெனார்ட் நகரவில்லை. "இரு," என்றார்.

"என்ன இரு?"

"கொஞ்சம் இரு, ஃப்ளோ. மொதல்ல நான் ஒரு..."

குளிர்பெட்டியைப் பார்த்துத் திரும்பினார். தான் காய்ச்சியதில் ஒரு வாய் குடித்துவிட்டால் முறைப்படி எடுக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் ஃப்ளோரியன் கையை நீட்டிக் கோப்பையைத் தூக்கிவிட்டான். தெருவில் கிடக்கிற எதையோ எடுப்பதுபோல எடுத்தான்.

கோப்பை இருந்த இடத்தில் ப்ளைவுட்டைப் பிளந்துகொண்டு ஒரு ஸ்க்ரூவின் முனை கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியன இன்னுமா எடுக்கல?" என்றான் ஃப்ளோரியன். "அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம் எங்க சொல்றது."

லெனார்ட் ஸ்க்ரூவைப் பார்த்தார். அடியிலிருந்து தாங்கு கட்டையைப் பிடிக்கத் தானே முடுக்கியது. ஒன்றரை அங்குலம் போதும் என்கிற இடத்தில் இரண்டு அங்குலத்தைப் போட்டிருந்தார்.

"அந்தக் கிளாச வச்சது யாரு?"

"நான்தான். நார்பர்ட் உன் எடத்துல வந்து உக்காந்தான், முழங்கைய ஊன்னான், சட்டை டர்ருனு கிழிஞ்சுது. அடுத்தவன் கையும் கிழிய வேணாமேன்னு கையில கெடச்சதக் கவுத்து வச்சேன்."

"அவன் வைக்கலயா?"

"அவன் எதுக்கு வைக்கிறான்? அவன் உன்னத் திட்டிட்டு இருந்தான்."

"என்னன்னு?"

ஃப்ளோரியன் படிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "பொம்பளைங்க இருக்காங்க."

லெனார்ட் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒன்பது மாதம் ஒரு ஸ்க்ரூவுக்குக் காவல் இருந்திருக்கிறார். கோபப்படக்கூட உடம்பில் எதுவும் மிச்சம் இல்லை. இனி கேட்காமல் இருப்பதற்கும் காரணம் இல்லை என்பதால், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டார்.

"வெர்னா. அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அவன் கோவமா இருந்தானா?"

அவள் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "யார் மேல?"

"என் மேல. பலகை விஷயமா ஒண்ணு சொல்லிட்டேன். வாசல்ல நுழையாததத்தான் வாங்கிட்டு வருவன்னு."

"அதுவா. வந்ததும் சொன்னான். ஆமா, உள்ள வந்து கதவ அறைஞ்சு சாத்தினான், கோவம்தான்." நூல் அவிழ்ந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டாள். "அப்புறம் தூங்கிட்டிருந்த என்ன எழுப்பினான். வெளக்கப் போட்டுக் கையத் தூக்கிக் காட்டறான். சட்டையில இத்தன நீளம் கிழிசல். 'பாரு வெர்னா, லென்னோட ஸ்க்ரூ. ரெண்டு அங்குலம். ஒன்றரை போட வேண்டிய எடத்துல. நாப்பது வருஷத்துல மொதத் தடவ.' நான் தூங்க விடுடான்னேன். விடல. காலையில வந்து உன்ன எழுப்பி முக்காலியில உக்கார வச்சுக் காட்டணும்னான். அளவு நாடாவ வேற கோட்டுப் பையில எடுத்து வச்சுக்கிட்டான். மொதல்ல பனிய வாரிட்டுப் போறேன்னான்."

ஜன்னல் ஓட்டை வழியாக ஒரு மருமகன் தலையை நீட்டி, "மேல ஏத்தறீங்களா இல்லயா?" என்றான்.

"அந்தச் சட்டையத் தைச்சு வச்சிருக்கேன்," என்றாள் வெர்னா. "எதுக்குத் தைச்சேன்னு தெரியல."

லெனார்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எழுந்து துளையிடும் கருவியை எடுத்தார்.

"ஸ்க்ரூவக் கழட்டப் போறியா? கீழருந்து கழட்டு, ரெண்டு நிமிஷம்," என்றான் ஃப்ளோரியன்.

"இருக்கட்டும்."

"பலகை படியாதேடா."

"படியும்."

பலகையை ஒருக்களித்துப் பிடிக்கச் சொல்லி, ஸ்க்ரூ முனை எங்கே வரும் என்று இரண்டு பக்கமிருந்தும் அளந்து, பலகையின் அடிப்பக்கத்தில் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு குழி போட்டார். மருமகன்களும் உள்ளே வர, நாலு பேருமாகத் தூக்கினார்கள். பலகை உட்கார்ந்தது. கையை வைத்து அழுத்தினால் ஓர் அசைவு இல்லை. ஸ்க்ரூ உள்ளே இருப்பது அங்கிருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

டெல்ஃபின் ஐந்து குவளைகளோடு இறங்கி வந்தாள். லெனார்ட் குழாயைத் திறந்தார். தேன் நிறத்தில் வரவேண்டியது வெல்லப்பாகு நிறத்தில் வந்தது. ஃப்ளோரியன் ஒரு வாய் குடித்துவிட்டு, குவளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்.

"என்னடா இது, வேப்பெண்ணெயா?"

"நோட்டுல இருக்கறபடிதான் செஞ்சேன். போல்கா முடியறவரைக்கும்."

"போல்கா இப்ப ரெண்டு மணி நேரம்டா. ஏப்ரல்லயே மாத்திட்டாங்க. ஒரு மணி நேரமா இருந்தது அவன் காலத்துல."

அவன் காலம். அதைச் சொன்ன பிறகுதான் ஃப்ளோரியனுக்கே அது உறைத்தது. குவளையை மேடையில் வைத்துவிட்டு, மேட்ச் ஆரம்பிச்சிரும் என்று முணுமுணுத்துக்கொண்டு, மருமகன்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனான். டெல்ஃபின் கறித் தட்டோடு பின்னால் போனாள். சற்று நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தமும் யாரோ காலை உதைக்கிற சத்தமும் தலைக்கு மேலே கேட்டன.

லெனார்ட் வெள்ளைக் கோப்பையைக் கழுவினார். துடைத்தார். மேடையின் கோடியில், நார்பர்ட் எப்போதும் சாய்ந்துகொள்ளும் தூணோரமாக, கருப்பு அம்புக்குறி ஒன்றின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தார்.

வெர்னா படியிலிருந்து எழுந்து வந்தாள். கோட்டைக் கழற்றாமலே தூணோரத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இது யாருக்கு?"

"அவனுக்கு. நான் வாங்கித் தர்றேன்."

"நான் வெள்ளிக்கிழமைகள்ல இங்க வந்து உக்காரலாம்னு இருக்கேன், லென். வீட்டுல உக்காந்து முடியல. வந்தா, இதப் பாத்துக்கிட்டா உக்காரணும்?"

லெனார்ட் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் கோப்பையை நிமிர்த்தி அவர் பக்கம் தள்ளினாள். "அவனுக்கு யாரு என்ன வாங்கித் தந்தாலும் பாதி நான்தான் குடிச்சிருக்கேன். ஊத்து. இதுலயே ஊத்து போதும், கார் ஓட்டணும்."

ஊற்றினார். அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது."

"ஆமா."

"அடுத்த தடவ மணி பாத்து எறக்கு." கோப்பையை நிமிர்ந்தபடியே மேடையில் வைத்துவிட்டுக் கழுத்துவரை பொத்தானைப் போட்டாள். "மொதல்ல அந்த ஓட்டைய அடை. ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

"நாளைக்கு," என்றார் லெனார்ட்.

சொன்ன பிறகு தன் வார்த்தையைத் தானே நம்பாதவர்போல எழுந்தார். கணப்படுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்த கண்ணாடிக் கற்களைச் சாக்கை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தூசியைத் துடைத்து, ஓட்டைக்குக் கீழே தரையில் வரிசையாக வைத்தார். பத்துக் கல். ஒன்றில் மட்டும் மூலை உடைந்திருந்தது. அதை ஓரத்தில் பதித்துக்கொள்ளலாம்.